மறுபடியும் வரவேற்பீர்களா?

மிக்ஸி பாதிச் சுற்றில் நின்றுபோனது. தெருவிலேயே கரன்ட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டு டெய்லரின் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்கு முன்னால், முந்தைய நாள் மாலை தன் மகனோடு மாடியில் தங்க வந்த பெரியவர் நின்றுகொண்டிருந்தார். முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். பெல்ட் கிடைக்கவில்லையோ என்னவோ, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கை மெயின் சுவிட்சின் மேல் இருந்தது.

"என்ன சார் பண்றீங்க?"

"ரீடிங் எடுக்கறேன் மேடம். நீங்க போய் வேலையைப் பாருங்க. ரெண்டே நிமிஷம்."

அவள் சிரித்துவிட்டாள். ஏதோ விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். வேலை நேரத்தில் தொந்தரவு செய்யப்பட்ட ஒரு மனிதரின் முகம் அது. அவருக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கையை நீட்டி சுவிட்சை மேலே தள்ளினாள். உள்ளே மிக்ஸி தானாக அலறியது. மூடி கழன்று சமையலறைச் சுவரெல்லாம் தக்காளி.

மாடிப் போர்ஷன் மகளுக்காகக் கட்டியது. கீழே அம்மா அப்பா, மேலே மகள் என்று இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பூச்சு காய்வதற்குள் மகளுக்கும் மருமகனுக்கும் கடல் தாண்டி வேலை கிடைத்துவிட்டது. சும்மா பூட்டிக் கிடப்பதற்கு நாலு பேர் வந்து தங்கிவிட்டுப் போகட்டுமே என்று மகள்தான் நாள் வாடகைக்கு வீடு விடும் ஒரு செயலியில் வீட்டைப் பதிந்தாள். சாவி கொடுப்பது, விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது எல்லாம் அம்மாவான இவளுடைய பொறுப்பு. அப்பா முட்டிவலிக்காரர். அவரால் படி ஏற முடியாது என்பதால், வருகிறவர்களின் பெட்டியைப் பார்த்தே எத்தனை நாள் தங்குவார்கள் என்று சொல்லும் வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு இந்தத் தொழிலில் பிடித்த ஒரே வேலை, வந்துபோனவர்களைப் பற்றி ரிவ்யூ எழுதுவது. பரிசோதனைக் கூடம் ஒன்றில் ரிப்போர்ட் தட்டச்சு செய்தே தலை நரைத்தவள். ரத்தத்தில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. நடுவே எதுவும் தட்டச்சாகாது. ரிவ்யூவையும் அப்படித்தான் எழுதினாள். 'வடிகாலில் முடியை அப்படியே விட்டுப் போனார்கள். ஆனால் அவர்களுடைய சின்னப் பெண் கேட்காமலேயே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.' 'மூவர் என்று சொல்லி ஐவர் வந்தனர். கேட்டபோது ஒப்புக்கொண்டனர்.' மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் 'அருமையான விருந்தினர்' என்று ஒரே அச்சில் வார்த்துப் போடும்போது, தான் மட்டும் உள்ளதை எழுதுகிறோம் என்று அவளுக்கு ஒரு சின்ன மிதப்பு உண்டு.

"அம்மா, அது ரிவ்யூ. லேப் ரிப்போர்ட் இல்ல," என்பாள் மகள் போனில். "நாம எழுதறதப் பார்த்துட்டுப் பயந்து யாரும் வராமப் போயிடப் போறாங்க."

இந்தத் தந்தையையும் மகனையும் ஏற்றுக்கொள்வதற்கு முன், முந்தைய வீட்டுக்காரர்கள் எழுதியிருந்ததை எல்லாம் அவள் ஒன்றுவிடாமல் படித்திருந்தாள். மகன் பெயரில்தான் கணக்கு. 'பெரியவர் அதிகாலையிலேயே எழுந்துவிடுவார்.' 'அக்கம்பக்கத்தாரிடம் கலகலப்பாகப் பழகினார்.' 'வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் அக்கறையோடு கவனிப்பவர்.' 'மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் குடும்பம்.' இப்படிப்பட்டவர்கள் வந்தால் யாருக்குத்தான் கசக்கும்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். விடிந்ததும் கிளம்பினால் இருட்டும்போதுதான் வருவான். போகும்போது அப்பாவுக்கு டப்பாக்களில் சாப்பாடு எடுத்து வைத்து, எந்த டப்பா எப்போது என்று மேலே ஒட்டிவிட்டுப் போவான். பெரியவர் அந்தச் சீட்டுகளைப் படிப்பதில்லை. பசித்தால் கீழே இறங்கிவந்து, "மேடம், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா, வெயில் ஜாஸ்தி," என்பார். தெருத் தெருவாக அலைந்து ரீடிங் எடுத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றும். தண்ணீரோடு ரொட்டியும் முட்டையும் வைத்தால் கூச்சத்தோடு சாப்பிடுவார். கை கழுவியதும் மீட்டர் பெட்டிக்குப் போய்விடுவார். மின்வாரியத்தில் கடைசி வரை மீட்டர் ரீடராகவே இருந்தவராம். அவள் கணவர் அவருக்குக் 'கரன்ட் சார்' என்று பெயர் வைத்தார்.

இரவில் பெரியவர் படுத்த மெத்தை நனைந்தது. அவள் அதை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் போட்டாள். மறுநாளும் நனைந்தது. மகனிடம் சொன்னபோது அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் துவைச்சுடறேன்மா," என்றான். துவைக்கவும் செய்தான். விடிவதற்கு முன்னாலேயே குழாயடியில் குந்தி உட்கார்ந்து, சத்தம் வராமல் விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்துவிட்டு, அவள் விளக்கைப் போடாமலே உள்ளே திரும்பிவிட்டாள்.

அதே வாரம் தங்கை போன் செய்தாள். வெளியூரில் தனியாக இருக்கிறாள். கண்ணில் ஆபரேஷன், கூட வந்து நாலு நாள் இருக்க முடியுமா என்று கேட்டாள்.

"ஆள் தங்கியிருக்காங்கடி. அந்தப் பெரியவரை விட்டுட்டு எப்படி வர்றது?"

"அவர் உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். இருந்தாலும்..."

"போன தடவை காலேஜ் பசங்க தங்கியிருந்தாங்க, அதுக்கு முன்னாடி யாரோ டாக்டர். நீ லாட்ஜ் வெச்சிருக்கியா, இல்ல லாட்ஜ் உன்னை வெச்சிருக்கா?" தங்கை சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள். இவள் போனை மேஜை மேல் வைத்தாள். கடைசியாக எப்போது வெளியூர் போனோம் என்று யோசித்துப் பார்த்தாள். மாடிக்கு ஏறி இறங்கியதுதான் நினைவுக்கு வந்தது.

சாவிக்கொத்தும் கையுமாக அவள் மேலே விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில்தான் அது நடந்தது. எதிர்வீட்டிலிருந்து டெய்லர் கத்திய சத்தம் கேட்டது. இவள் ஓடிப்போனபோது டெய்லரின் வீட்டு வாசலில் கரன்ட் சார் நின்றுகொண்டிருந்தார். நெஞ்சோடு ஒரு பழைய மீட்டர் அட்டையை அணைத்திருந்தார். யாராவது திட்டினால் பதில் பேசக்கூடாது என்று பழகியவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். உள்ளறையில் டெய்லரின் மாமியார் படுக்கையில் இருக்கிறார். ஆக்சிஜன் கொடுக்கும் மெஷின் பகலும் இரவும் அவருக்காக ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டு மெயினை இவர் இறக்கிவிட்டார்.

"தையல் மெஷின் நின்னதும் நூல் சிக்கிக்கிச்சுன்னு நெனச்சு நான் குனிஞ்சு பார்த்துட்டு இருக்கேன் அக்கா." டெய்லர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள அத்தை பேச்சே இல்லாம என்னையே பார்த்துட்டு இருக்காங்க. உதடு நீலமாயிடுச்சு. நான் நூலைப் பார்த்துட்டு இருக்கேன்."

ஆக்சிஜன் மெஷின் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. கிழவிக்கு மூச்சு சீரானது. அவர் கண்ணைத் திறந்து, வாசலில் நிற்பது யார் என்று கேட்டார். இவள் கரன்ட் சாரின் முழங்கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வழியில் அவர், "வீடு பூட்டியிருக்கு, டோர் லாக்னு எழுதிக்கவா மேடம்?" என்று கேட்டார். "எழுதிக்குங்க சார்," என்றாள்.

மாலையில் மகன் வந்ததும் படியிலேயே அவனை நிறுத்தினாள். நடந்ததைச் சொன்னாள். அவன் தோளில் இருந்த கருவிப் பையை இறக்காமலே கேட்டான். எதிர்வீட்டுக்குப் போய், டெய்லர் கதவைத் திறக்காவிட்டாலும், வெளியே நின்றே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொன்னா நீங்க குடுத்திருப்பீங்களாம்மா?"

அவன் படியில் உட்கார்ந்தான். கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்கும் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். அவன் களைத்துப்போய்ப் பேசினான்.

"வாடகைக்கு இருந்த வீட்டையெல்லாம் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. என் சம்சாரம் குழந்தையைத் தூக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அவளைத் தப்புச் சொல்ல மாட்டேன். அப்பா மெயினை இறக்கினப்ப, கொதிக்கிற தண்ணியைக் கையில வெச்சுக்கிட்டு இருட்டுல நின்னவ அவ, கால்கிட்ட குழந்தை. அப்பாவை முதியோர் ஹோம்ல சேர்த்தேன். ஒரு நாள் சொல்லாமப் போய்ப் பார்த்தப்ப கட்டிலோட சேர்த்துக் கையைக் கட்டி வெச்சிருந்தாங்க. கேட்டா, சுவிட்சைத் தொடறார்னாங்க." முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இப்படி நாள் வாடகைக்குத் தங்கினா ஒவ்வொரு வீட்லயும் பத்து நாள், பதினஞ்சு நாள். வெளிய போன்னு சொல்றதுக்கு முன்னாடி நாங்களே கிளம்பிடுவோம். போற வீட்ல எல்லாரும் நல்லவங்கதாம்மா. இதுவரைக்கும் யாரும் தப்பா எழுதலை."

அன்று அவள் பழைய ரிவ்யூக்களைத் திரும்ப எடுத்துப் படித்தாள். அக்கம்பக்கத்தாரிடம் கலகலப்பாகப் பழகினாராம். ஒவ்வொன்றையும் அக்கறையோடு கவனிப்பவராம். மின்சாரம் சிக்கனமாம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருத்தி இவளைப் போலவே மெத்தையை வெயிலில் போட்டுவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து, சொல் தேடி எழுதியிருக்கிறாள். அவரைத் தள்ளிவிடவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல், அடுத்த வாசல் வரை கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். அப்படித்தான் அவர் இந்த வாசலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறார்.

மீதி நாட்களில் அவள் அவரைத் தன் கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டாள். மீட்டர் பெட்டிக்குப் பூட்டு போட்டாயிற்று. அதற்குப் பதிலாகச் சமையலறைக் கடிகாரத்தைக் காட்டி, "இதுல ரீடிங் எடுங்க சார்," என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "இது ஓடிட்டுதான் இருக்கு. கம்ப்ளெய்ன்ட் ஒண்ணும் இல்லையே?" என்றார். "இருக்கு. ரொம்ப வேகமா ஓடுது," என்று அவள் கணவர் நாற்காலியில் இருந்தபடி சொன்னார். கரன்ட் சார் யோசித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். வீட்டுக்கு வீடு நாயிடம் கடி வாங்காமல் தப்பிய கதைகளை அன்று மதியம் முழுவதும் சொன்னார். எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமல் பின்னால் வரும் என்று கையால் அபிநயம் பிடித்துக் காட்டினார். கணவர் முட்டியைத் தட்டித் தட்டிச் சிரித்ததை அவள் வெகுநாளுக்குப் பிறகு பார்த்தாள்.

பொழுது சாயும்போதுதான் கஷ்டம். விளக்கு போடுகிற நேரத்துக்கு அவர் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். "டியூட்டி முடிஞ்சுது மேடம். வீட்டுக்குப் போகணும்."

"எந்த வீட்டுக்கு சார்?"

தெருவின் பெயர் வாயில் வராது. வீட்டின் மின் இணைப்பு எண்ணை மட்டும் தடுமாறாமல் சொல்வார். அதைச் சொன்னால் போதும், யாராவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு அவள் முகத்தைப் பார்ப்பார். அந்த வீடு இடிக்கப்பட்டு அங்கே இப்போது வண்டி நிறுத்துகிறார்கள் என்று மகன் சொல்லியிருந்தான். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பாள். மகன் வரும் வரை இருவரும் அப்படியே நிற்பார்கள். அவர் வீட்டுக்குப் போகக் காத்திருந்தார். அவள் உள்ளே போகக் காத்திருந்தாள்.

கிளம்பும் நாள் வந்தது. பிற்பகலில் அடுத்த குடும்பம் வருகிறது. மகன் பெட்டிகளைக் கீழே இறக்கிவிட்டு, அப்பாவுக்குப் பெல்ட் மாட்டிவிட்டு, அவளிடம் வந்தான்.

"அடுத்து நாங்க தங்கக் கேட்டிருக்கற வீட்டம்மா இன்னும் சரின்னு சொல்லலைம்மா. கடைசியா தங்கின வீட்டு ரிவ்யூ வரட்டும்னு காத்திட்டிருக்காங்க. நான் உங்களுக்கு எழுதிட்டேன். நீங்களும் எழுதினாதான் ரெண்டும் வெளிய தெரியும்." தயங்கினான். "நீங்க உள்ளதைத்தான் எழுதுவீங்கன்னு தெரியும். நீங்க முன்னாடி எழுதினதெல்லாம் படிச்சுட்டுத்தான் வந்தேன். உள்ளதையே எழுதுங்க. ஆனா உள்ளது எல்லாத்தையும் எழுதணும்னு இல்லையேம்மா."

"எங்க இருப்பீங்க அதுவரைக்கும்?"

"பஸ் ஸ்டாப்ல உட்கார்ந்திருக்கோம்."

கரன்ட் சார் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னார்.

எதிர்வீட்டு வாசலில் துணியோடு நின்ற டெய்லர், அவர்கள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு இவளிடம் வந்தாள். "எழுதுவீங்கல்ல அக்கா? அடுத்த வீட்லயும் எங்க அத்தை மாதிரி யாராவது படுத்திருந்தா?" இவள் தலையசைத்தாள். உள்ளே வந்தால் மகளின் அழைப்பு. எழுதவே வேண்டாம், அப்படியே விட்டுவிடு, நமக்கு எதற்கு வம்பு என்றாள். "எழுதாம விட்டா அந்தப் பையனுக்கு வீடு கிடைக்காதுடி." "எழுதினாலும் கிடைக்காதும்மா. அப்ப எழுதாம விடறது நல்லதுதானே." கணவரைப் பார்த்தாள். அவர், "நீ எது எழுதினாலும் சரி. என்னைக் கேட்காதே," என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துவைத்த விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். உலர்த்தும் கம்பிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். சுத்தத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. விடிகாலைக் குழாயடியை நினைத்து ஐந்து கொடுத்தாள். விதிகளை மதித்தாரா என்று கேட்டது. அங்கே விரல் நின்றது. செயலி அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்கவே இல்லை. எல்லாம் மகனைப் பற்றித்தான். எழுதுவது முழுக்க அவன் தலையில்தான் விழும்.

'மகன் நல்லவர்' என்று எழுதினாள். 'தந்தைக்கு நினைவு தவறுகிறது. பகலில் அவர் தனியாக இருக்கிறார். மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார், அக்கம்பக்கத்து வீடுகளிலும். பெட்டிக்குப் பூட்டு போடுங்கள். வீட்டில் மெஷினை நம்பிப் படுத்திருப்பவர்கள் இருந்தால் ஏற்க வேண்டாம். மெத்தைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். பொழுது சாயும்போது பயப்படுவார். கையைப் பிடித்துக்கொண்டால் போதும். நாய்க் கதைகள் சொல்வார்.' படித்துப் பார்த்தாள். 'பகலில் அவர் தனியாக இருக்கிறார்' என்ற வரியை அழித்தாள். அது அந்தப் பையனைக் குத்தும். பிறகு அதே வரியைத் திரும்பத் தட்டச்சு செய்தாள். அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வரி.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. இவரை மறுபடியும் வரவேற்பீர்களா? ஆம், இல்லை. மூன்றாவதாக ஒரு கட்டம் இல்லை. 'இல்லை' மேல் விரலை வைத்தபோது தங்கையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது, பூட்டிய வீட்டின் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறும் தன் முகமும். அதை அழுத்தினால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அது உண்மையா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அவர் சிரித்த மதியத்தை நினைத்தாள். பரிசோதனைக் கூடத்தில் முடிவு இப்படித் தெளிவில்லாமல் வரும்போது திரும்ப ஒரு சாம்பிள் எடுக்கச் சொல்வார்கள். இங்கே அதற்கு வழி இல்லை. 'ஆம்' என்று அழுத்தி அனுப்பினாள்.

உடனே அவன் எழுதியதும் திறந்துகொண்டது. இரண்டே வரிகள்தான். 'வீடு சுத்தம். அப்பா இங்கே சிரித்தார்.'

அவள் எழுந்து விரிப்பை உதறிக் கம்பியில் போட்டாள். மாடியிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் தெரியும். இருவரும் பெட்டிகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பஸ் வரும்போதும் பெரியவர் எழுந்தார். ஒவ்வொரு முறையும் மகன் சட்டை நுனியைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தான். பிறகு மகன் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுதியதைப் படிக்கிறானா, அந்த வீட்டம்மாவின் பதிலைப் படிக்கிறானா என்று இங்கிருந்து தெரியவில்லை. அவன் முகத்தை மூடிக்கொள்ளவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அப்பா பக்கம் திரும்பி, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டான்.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. புதிய குடும்பம் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. "இந்தாம்மா, ஆள் வந்தாச்சு. பெரிய பெட்டி, ஒரு வாரம் இருப்பாங்க," என்று கணவர் கூப்பிட்டார்.

கையில் இருந்த போன் அதிர்ந்தது. புதிய பதிவுக் கோரிக்கை. இருவர். இந்தக் குடும்பம் காலி செய்யும் நாளிலிருந்து தொடங்குகிறது. முடியும் தேதி, செயலி அனுமதிக்கும் கடைசித் தேதி. பெயரைப் பார்க்காமலே யார் என்று தெரிந்தது. கீழே ஏற்கப் பச்சையில் ஒரு பொத்தான், மறுக்கச் சாம்பலில் ஒரு பொத்தான். அதற்குள் திரையின் மேல் மகளின் அழைப்பும் வந்து குறுக்கே விழுந்தது.

அவள் எதையும் தொடவில்லை. ஈர விரிப்பு காற்றில் உப்பி எழுந்து தெருவை மறைத்தது. அதைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு நீளமான பஸ் வந்து ஸ்டாப்பின் முன்னால் நின்றது. பெஞ்ச் தெரியவில்லை. யார் யாரோ ஏறினார்கள், கதவு மூடியது. பஸ் மெல்ல நகர்ந்தது. அதற்குப் பின்னால், பெஞ்சில் இருந்த மகனுக்குப் பக்கத்தில், பெரியவர் நின்றுகொண்டிருந்தார். போகும் வண்டியைப் பார்க்காமல், கண்ணுக்கு மேல் கையை வைத்து, இந்த மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.